தொலைக்காட்சி வீடும் லயக் காம்பராவும்: காதலும் குடும்ப ஏற்பும் பற்றிய ஒரு நோக்கு

1

ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தோரிடையே அரும்பும் காதலும், அக்காதலைக் குடும்பத்தார் ஏற்றலும் மறுத்தலும் தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருள்களல்ல. ஆயின் அண்மைக் காலத்தில் இப்பொருள் ஒரு புதிய கலைவடிவத்தின், இன்னும் திட்டமாகக் கூறுவதாயின் ஒரு புதிய பண்டத்தின், மூலப்பொருளாக மாறியுள்ளது. முன்பின் அறியாதவர்களை ஒரு வீட்டினுள் அடைத்து, அவர்களது உண்ணலையும் உறங்கலையும் ஊடலையும் கமராக்களுக்கு முன் நிகழவைத்து, அதனை நாள்தோறும் விற்பனை செய்யும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையே இங்குக் குறிப்பிடுகின்றோம். நுவரெலியா, ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளிலுள்ள லயங்களின் தகரக் கூரைகள்மீது நிற்கும் டிஷ் அன்ரெனாக்கள் இந்நிகழ்ச்சிகளைத் தோட்டத் தொழிலாளரின் காம்பராக்களுக்குள்ளும் கொண்டுவந்து சேர்க்கின்றன.

நமது முற்போக்கு விமர்சகர்கள் இந்நிகழ்ச்சிகளை எதிர்கொண்ட முறை இருவகைப்பட்டது. ஒரு சாரார் இவற்றை மலினக் கேளிக்கையெனத் தள்ளினர். மற்றொரு சாரார் மக்கள் விரும்பும் யாவும் மக்கள் கலையே எனக் கொண்டு அமைந்தனர். இவ்விரு சாராரும் ஒரு வினாவை எழுப்பவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக வாழும் ஒரு குடும்பம், அந்தப் பெரிய வீட்டில் நிகழும் காதலையும் தந்தையின் கோபத்தையும் பார்க்கும்பொழுது எதனைக் காண்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் வடிவத்தை நோக்குவோம். 1999ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' என்னும் நிகழ்ச்சியே இவ்வகைக்கு மூலம். அதன் பெயர் ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலில் வரும், யாவரையும் கண்காணிக்கும் 'பெரிய அண்ணன்' என்னும் உருவத்திலிருந்து பெறப்பட்டது. நாவலில் அச்சத்தின் குறியீடாக இருந்தது தொலைக்காட்சியில் கேளிக்கையின் பெயராயிற்று. இதன் இந்திய வடிவமான 'பிக் பாஸ்' 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விஜய் தொலைக்காட்சியின் வழியாகத் தமிழுக்கு வந்தது.

இவ்வடிவத்தின் இயக்கவிதிகள் எளியவை. வீட்டாருக்கு வெளியுலகத் தொடர்பு இல்லை. அவர்களுக்கு உற்பத்தித் தொழில் ஏதும் இல்லை. தரப்படும் பணிகளும் விளையாட்டுகளும் ஒருவரையொருவர் மோதவைத்தற்கென்றே அமைக்கப்பட்டவை. வாரந்தோறும் ஒருவர் வெளியேற்றப்படுவார். யார் வெளியேறுவது என்பதனைப் பார்வையாளரின் வாக்கு தீர்மானிக்கும். இந்நிலையில் அங்குள்ளோர் விற்கக்கூடிய ஒரே பொருள் தம் மனித உறவுகளே. தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கிறான். இங்கோ உணர்ச்சியே, அது உண்மையானதாயினும் புனைந்ததாயினும், விலைபெறுகின்றது. உண்மையான காதலும் விளம்பர இடைவேளைகளுக்கிடையே அதே பண்டமாகிவிடுகின்றது.

2019ஆம் ஆண்டு ஜூன் முதல் ஒக்ரோபர் வரை நிகழ்ந்த மூன்றாவது பருவம் நம் ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. அதில் இலங்கையர் இருவர் பங்குபற்றினர். மலேசியத் தமிழர் ஒருவர் வெற்றிபெற்றார். தமிழுழைப்பு எத்திசைகளிற் சிதறியதோ அத்திசைகளிலெல்லாம் தமிழ்த் தொலைக்காட்சியின் சந்தையும் விரிந்துள்ளது என்பதற்கு இது சான்று. இலங்கையர் இருவருள் ஒருவரான லொஸ்லியா, சக்தி தொலைக்காட்சியிற் செய்தி வாசிப்பாளராகப் பணியாற்றியவர். அவருக்கும் உடன் பங்குபற்றிய நடிகர் கவினுக்கும் இடையே வளர்ந்த நெருக்கம் அப்பருவத்தின் முதன்மைக் கதையாயிற்று. தொழிலின்பொருட்டுக் கனடாவில் வாழ்ந்த லொஸ்லியாவின் தந்தையும் மகளும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நேரிற் கண்டிருக்கவில்லை. வீட்டாரை அசையாது உறைந்து நிற்கக் கட்டளையிட்டு உறவினரை உள்ளே அனுப்பும் ஒரு பணியின்போது, தாயையும் சகோதரிகளையும் போலவே தந்தையும் அவ்வீட்டிற்கு வந்தார். பத்தாண்டுப் பிரிவின் பின் நிகழ்ந்த அச்சந்திப்பில் அவர் மகளைக் கடிந்துகொண்டார். பல நாடுகளிலுள்ள தமிழர் அக்காட்சியைக் கண்டு அழுதனர். பின்னர் அத்தந்தையின் சார்பாகவும் மகளின் சார்பாகவும் பிரிந்து வாதிட்டனர்.

தனிமனிதரின் நடத்தையை மதிப்பிடுதல் நமது நோக்கமன்று. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அவ்வாதங்கள் யாவும் 'தந்தை ஏற்பாரா, மாட்டாரா' என்பதையே மையமாகக் கொண்டன. தந்தையும் மகளும் ஏன் பத்தாண்டுகள் பிரிந்திருக்க நேர்ந்தது என்னும் வினா பின்தள்ளப்பட்டது. குடும்பத்தைப் பிரிப்பது உழைப்புச் சந்தை. பிரிந்த குடும்பம் கூடும் கணத்தைக் காட்சியாக்கி விற்பது தொலைக்காட்சி. முதலாவது மறைவதனாலேயே இரண்டாவது கண்ணீரை வரவழைக்கின்றது.

3

இக்காட்சியின் ஆற்றலுக்குத் தமிழ் மரபிலும் ஒரு வேர் உண்டு. சங்க அகப்பாடல்களிற் களவு மறைவில் நிகழ்வது. ஊரார் அதனை அறிந்து பேசும் பேச்சே அலர். அலர் எழுந்தபின் களவு நீடிக்க இயலாது; ஒன்றில் உடன்போக்கு நிகழவேண்டும், அன்றேல் குடும்பம் உண்மையை அறிந்து வரைவுக்கு உடன்படவேண்டும். இவ்வுண்மையை முறையாக அறிவித்தலே அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என அது படிப்படியாக நிகழும். ஒவ்வொரு படியிலும் ஒரு பெண் மற்றொரு பெண்ணின் சார்பாகப் பேசுகின்றாள். இறுதியிலேயே ஆணின் அதிகாரம் எதிர்ப்படுகின்றது.

தொலைக்காட்சி வீடு இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியுள்ளது. அங்குக் களவு என ஒன்று இல்லை. காதல் தோன்றும் கணத்திலேயே அலரும் தோன்றிவிடுகின்றது. அலரை எழுப்புதலே நிகழ்ச்சியின் தொழில். தோழியின் இடத்தில் வாக்களிப்போர் உளர். செவிலியின் இடத்தில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் உளர். இடைப்படிகள் யாவும் நீக்கப்பட்டு, மகளும் தந்தையும் நேருக்கு நேராக, அதுவும் ஒருவர் உறைந்து நிற்கவேண்டிய நிலையில், நிறுத்தப்படுகின்றனர். பெண்ணுக்காகப் பேச எவரும் இல்லாத அறத்தொடு நிலை இது.

4

இனி லயத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளருக்கு அமைக்கப்பட்டவை லயங்கள். வரிசையாகவும், சில இடங்களில் முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை வரிசையாகவும் காம்பராக்கள், முன்னே ஓர் இஸ்தோப்பு, பொதுவான தண்ணீர்க் குழாய், பொதுவான கழிப்பிடம். இது வீடு என்னும் எண்ணத்தில் எழுந்த கட்டடமன்று. விடியலில் தப்பொலி கேட்டவுடன் பிரட்டுக்களத்துக்கு ஆட்களைத் திரட்டுதற்கு வசதியாக எழுந்த உழைப்புக் கொட்டிலாகும். ஒரு காம்பராவில் மூத்தோர் இஸ்தோப்பிலும், மணமான இளையோர் சேலைத் திரையின் பின்னும் உறங்கும் ஏற்பாடு தலைமுறைகளாகத் தொடர்ந்தது. அடுத்த காம்பராவின் இருமலும் சச்சரவும் மெல்லிய சுவரினூடே கேட்கும்.

தொலைக்காட்சி வீடு செயற்கையாக உருவாக்கும் நிலைமைகள் யாவும், அதாவது அந்தரங்கம் இன்மை, இடையறாத கண்காணிப்பு, வெளியேற்றப்படும் அச்சம் ஆகியன, தோட்டத்தில் இயல்பான வாழ்நிலையாக இருந்துவந்தன. துரையின் பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும் அமைந்தமை தற்செயலன்று. கங்காணி வேலைத்தலத்தில் மேற்பார்வையாளனாகவும், லயத்தில் உறவுத் தலைவனாகவும், கடன் கொடுத்தோனாகவும் விளங்கினான். காம்பரா வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு விலக்கினால் வேலையும் உறைவிடமும் ஒருசேரப் போகும். 'இவ்வாரம் வெளியேறுபவர் யார்' என்பது அங்கே விளையாட்டு; இங்கே அது ஒரு குடும்பத்தின் தெருநிலை.

இத்தகைய இடத்தில் ஒரு பெண்ணின் காதலை அவளது தந்தை மறுப்பாராயின் அதனை அவரது மனக்கடுமை என்று மட்டும் விளக்கிவிட இயலாது. ஆட்சேர்ப்பு சாதி, உறவுக் குழுக்கள் வழியாகவே நடைபெற்றமையால் லயங்களும் பெரும்பாலும் சாதிவாரியாகவே பகிரப்பட்டன. எனவே சாதி கடந்த காதல் ஒரு லயத்திலிருந்து மற்றொரு லயத்துக்குக் கடக்கும் காதலாகவும் இருந்தது. மகளின் நாட்கூலி குடும்பத்தின் வருவாயில் ஒரு பங்கு; அவள் மணமாகிச் செல்வது அப்பங்கின் இழப்பு. பெண் பறித்த கொழுந்துக்கான கூலியைத் தந்தையோ கணவனோ பெற்றுவரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பதே 1984ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பின்னர்தான் கிடைத்தது. குடும்பத்தைப் பொருளுற்பத்தியோடு இணைத்து விளக்கிய ஏங்கல்சின் 1884ஆம் ஆண்டு நூலை நினைவுகூர்வோர்க்கு இதில் வியப்பு ஏதும் இராது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குக் காத்துக்கொள்ள நிலமோ வீடோ இருந்ததில்லை. காத்துக்கொள்ள இருந்தவை மகளின் கூலியும் சாதி என்னும் மானமுமே. உடைமையற்ற தந்தையின் அதிகாரம் இவ்விரண்டின்மீதே நின்றது.

5

மலையகத்தில் 'ஏற்பு' என்னும் சொல்லுக்குப் பிறிதொரு, மேலும் கொடிய, பொருளும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப்பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரசாவுரிமை கோரியோர் தமது தொடர்ச்சியான வதிவை நிறுவவேண்டியிருந்தது. மணமானோர்க்கு ஏழாண்டு, மணமாகாதோர்க்குப் பத்தாண்டு என அச்சட்டம் கணக்கிட்டது. மணம் என்பது அரசின் ஏட்டில் மூன்றாண்டுப் பெறுமதி கொண்ட ஒரு தகைமையாயிற்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேரே.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். வயதுவந்த பிள்ளைகளின் நிலை பெற்றோரின் நிலையிலிருந்து வேறுபடக்கூடியதாகையால், தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மற்றொரு நாட்டுக்கும் உரியராதல் நேர்ந்தது. காதலரும் அவ்வாறே பிரிந்தனர். தலைமன்னாரில் கப்பலேறியோருள் தந்தை மறுத்ததனாலன்றி, இரண்டு அரசுகளின் பட்டியல்கள் மறுத்ததனாற் பிரிந்தோரும் இருந்தனர். இவர்களின் மறுகூட்டத்தைப் படம்பிடிக்க எந்தக் கமராவும் காத்திருக்கவில்லை.

பிரிவு இன்றும் வேறு வடிவிற் தொடர்கின்றது. தோட்டத்துப் பெண்கள் கொழும்பு வீடுகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் பணிப்பெண்களாகவும், ஆடைத் தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளராகவும் செல்கின்றனர். தாய் அந்நிய நாட்டில் பிறர் பிள்ளையைப் பராமரிக்க, அவளது பிள்ளை லயத்திற் பாட்டியிடம் வளர்கின்றது. இத்தகைய குடும்பம், பத்தாண்டு கழித்துத் தந்தையைக் காணும் மகளைத் திரையிற் காணும்பொழுது சிந்தும் கண்ணீரை அறியாமையென்று எவ்வாறு கூறுவது? அக்கண்ணீர் உண்மையானது. அதற்குக் காட்டப்படும் காரணமே பொய்யானது.

6

இதே வாழ்நிலையை மலையகத்தின் சொந்தக் கலை எவ்வாறு கையாண்டது என்பதை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', ஒரு பெண்ணின் குடும்ப வாழ்வு தோட்ட அதிகாரத்தின் கையிற் சிதைவதை வெளியிலிருந்து நோக்கியது. மலையக எழுத்தாளர்கள் அதனை உள்ளிருந்து எழுதினர். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையில், கொழுந்தின் நிறையை முன்னிட்டு ஓர் இளம்பெண்மீது எழும் ஐயமே கதையின் முடிச்சு. அலர் இங்கும் எழுகின்றது. ஆனால் அது தராசின் முன் எழுகின்றது. அதனை அவள் வெல்வதும் கண்ணீரினாலன்று, தன் உழைப்பினாலேயே. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவல் (1974) தனிமனித உறவுகளைத் தோட்டத்தின் அதிகார உறவுகளிலிருந்து பிரிக்காமலேயே சித்திரித்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிற் காதலும் கங்காணியும் நிரையும் ஒரே மூச்சில் வருவனவாகும்.

எழுத்திலக்கியத்துக்கு முன்னரே இதற்கொரு கூட்டுக்கலை இருந்தது. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தினை எண்ணிப் பார்ப்போம். ரதியும் மன்மதனும் மணம்புரிவதும், ரதியின் தடையையும் மீறி மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்வதும், அவன் எரிக்கப்படுவதும், ரதி புலம்புவதும், பின்னர் அவன் உயிர்பெறுவதும் நாட்கணக்கில் லயத்து முற்றத்திலும் மைதானத்திலும் தப்பொலியோடு நிகழும். காதலும் தண்டனையும் புலம்பலும் இங்கும் ஊரார் முன்னிலையிலேயே நிகழ்கின்றன. ஆயினும் இங்குப் பார்ப்போரும் ஆடுவோரும் வேறல்லர். நேற்று நிரையிற் கொழுந்தெடுத்தவரின் மகனே இன்று மன்மதன். எவரும் வாக்களித்து எவரையும் வெளியேற்றுவதில்லை. அதிகாரம் காதலை எரித்தது என்பது இக்கூத்தில் மறைக்கப்படுவதில்லை. எரிந்தது மீண்டெழும் என்பதும் மறக்கப்படுவதில்லை. எனினும் இக்கூத்தினை நாம் இலட்சியப்படுத்தலாகாது. ரதி வேடத்தையும் மரபாக ஆண்களே புனைந்தனர். பெண்ணின் துயரை ஆணின் குரலே பாடியது.

7

இந்த இடத்திற்றான் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முரண்பட்ட இயல்பு புலப்படுகின்றது. அது பெண்ணின் காதலை விற்பனைப் பண்டமாக்குகின்றது. எனினும் ஒரு பெண் தன் விருப்பத்தைத் தன் சொந்த வாயாற் கூறுவதையும், அதற்காகத் தந்தையின் முன் நிற்பதையும் லயத்துக்குள் கொண்டுவருகின்றது. ஒரே காம்பராவில் தந்தையும் மகளும் அருகருகே அமர்ந்து அதனைப் பார்க்கின்றனர். இருவரும் ஒரே காட்சியைப் பார்த்தாலும் ஒரே பொருளைக் காண்பார்கள் எனக் கொள்ளுதற்கில்லை. தந்தை தன் பிரிவையும் மானத்தையும் காணக்கூடும். மகள் தனக்கென ஒரு படுக்கையையும், பேசுதற்கு ஒரு தனிமூலையையும், மறுத்துரைக்க ஒரு சொல்லையும் காணக்கூடும். அம்மகளின் ஆசையை நுகர்வு மயக்கம் என ஒதுக்குவது நமது அறிவின் சோம்பலேயாகும்.

அதேவேளை, தொலைக்காட்சி அவளுக்குத் தரும் தீர்வு பொய்யானது. தந்தையின் மனம் இளகினால் எல்லாம் நலமாகும் என்பதே அதன் கருத்துநிலை. மலையக வரலாறு கற்பிப்பது வேறு. குடும்ப ஏற்பு என்பது உள்ளத்தின் தனிச்செயலன்று. கூலி யார் கையில், காம்பரா யார் பெயரில், பிரசாவுரிமை யாரிடம் என்பவற்றால் அது நிருணயிக்கப்பட்டு வந்தது. மறுக்கப்பட்டால் செல்வதற்கு வேறோர் இடமுள்ள பெண்ணே தந்தையோடு சமமாக நின்று பேச முடியும். அத்தகைய பேச்சின் முடிவிற் கிடைக்கும் ஏற்பே மெய்யான ஏற்பு; ஏனையது இரக்கம்.

எனவே தோட்ட மக்களுக்குத் தனி வீடுகளும் ஏழு பேர்ச் காணியும் வழங்கும் திட்டங்களை நாம் வெறும் கட்டட விடயமாகக் கருதலாகாது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். இத்தகைய அறிவிப்புகளை மதிப்பிடும்பொழுது வீடுகளின் எண்ணிக்கையோடு மேலும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். காணியுறுதி கைக்கு வந்ததா? அது பெண்ணின் பெயரிலும் எழுதப்பட்டதா? அவ்வீட்டில் உட்சுவர் கொண்ட ஓர் அறை மகளுக்கு உண்டா? இவை பண்பாட்டு வினாக்களுமாகும்.

ஆய்வாளருக்கும் இதிலிருந்து ஒரு கடமை எழுகின்றது. பார்வையாளரைப் பற்றி நகரத்திலிருந்து எழுதுவதை விடுத்து, லயங்களில் இந்நிகழ்ச்சிகள் எவ்வாறு பார்க்கப்படுகின்றன, அவற்றைப் பற்றிப் பெண்கள் நிரைகளில் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதை நேரிற் சென்று கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அறத்தொடு நிலையில் தோழிக்கு உரிய பணி தலைவிக்காகத் தீர்ப்புக் கூறுதலன்று. அவள் கூறியதைக் கேட்டு, திரிக்காது எடுத்துரைத்தல். நமது விமர்சனம் அப்பணியையாவது செய்யத் தொடங்கட்டும்.